ஓரியின் கையா, ஓரியின் வில்லா?

ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கை ஒட்டிக் கொல்லிமலையில் அரசு வல்வில் ஓரி விழா நடத்துகிறது. மேடை ஏறும் பேச்சாளர் யாராக இருந்தாலும் ஒரு கதையைத் தொடாமல் இறங்குவதில்லை. இம்மலையின் பழைய தலைவன் ஓரி விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்து உயிர்களை அடுத்தடுத்து வீழ்த்திய கதை அது. கேட்பவர் கைதட்டுகிறார், குறி தவறாத கைக்கு இதைவிடப் பெரிய சான்று உண்டா என்று நினைக்கிறார். அந்தக் கைதட்டல் இடம் மாறி விழுகிறது என்பது என் எண்ணம். ஓரிக்குப் புலவர்கள் தந்த அடைமொழியைப் பாருங்கள். வல்வில் என்றால் வலிய வில். கண்ணின் கூர்மையையோ கையின் பழக்கத்தையோ அந்தச் சொல் பேசவில்லை. மரத்தின் வலிமையைப் பேசுகிறது. பட்டப்பெயரே கருவியிலிருந்து பிறந்த மனிதர் அவர். கொல்லிமலையின் வில் வரலாற்றைக் குறிபார்த்தல் என்ற பக்கத்திலிருந்து தொடங்காமல், எந்த வில்லை எடுப்பது என்ற கேள்வியிலிருந்து தொடங்கினால்தான் பழைய பாடல்கள் சொல்வது பிடிபடும்.

முதலில் அந்த ஐந்து விலங்குக் கதை. அது புறநானூற்றின் 152ஆம் பாட்டு, பாடியவர் வன்பரணர். காட்டில் எதிர்ப்பட்ட வேட்டுவன் ஒருவனை அவர் பார்க்கிறார். தோற்றத்தைப் பார்த்தால் கூலிக்கு வேட்டையாடுகிறவனாகத் தெரியவில்லை, ஒருவேளை இவன்தான் ஓரியோ, இல்லையோ என்று ஐயப்படுகிறார். தம் கூட்டத்தோடு சேர்ந்து அவனைப் பாடுகிறார். தலைவனே என்று விளித்ததும் அவன் நாணுகிறான். பிறகு மான்கறியும் மதுவும் பொன்னும் மணியும் தருகிறான். இந்த நாடகத்துக்கு முன்னால் வருவதுதான் அம்பின் பயணம். அதன் வரிசையைக் கொஞ்சம் நிறுத்திப் படிக்க வேண்டும். முதலில் யானை, அடுத்துப் பிளந்த வாயுடைய புலி, அடுத்துக் கொம்புள்ள கலைமான், அதற்குப்பின் உரல் போன்ற தலையுடைய பன்றி, கடைசியில் புற்றின் பக்கத்து உடும்பு. உயரம் படிப்படியாகக் குறைகிறது. யானையில் தொடங்கிய அம்பு தரையோடு தரையாகக் கிடக்கும் உடும்பில் போய்ச் செருகி நிற்கிறது. எய்த அம்பு விசை இழந்து தாழ்ந்து விழுவதைப் பலமுறை பார்த்த ஒருவர்தான் இந்த வரிசையை இப்படி அடுக்க முடியும். குறியின் நுட்பத்தைப் புகழ வேண்டுமானால் சிறிய இலக்கைக் காட்டியிருப்பார்: பறக்கும் பறவை, ஆடும் இலை, அப்படி ஏதாவது. வன்பரணர் எடுத்தது ஊடுருவலை. ஒன்றைத் துளைத்த பின்னும் அம்பில் எவ்வளவு மிச்சம் இருந்தது என்பதே அவர் வியப்பு. அந்த மிச்சத்தைத் தருவது வில்.

வல்வில் என்பது ஓரிக்கு மட்டுமே உரிய பட்டம்தானே, அதை ஒரு கருவியின் வகைப் பெயராக எப்படி எடுப்பது என்று கேட்கலாம். அதே வன்பரணர் புறநானூற்றின் 150ஆம் பாட்டில் தோட்டிமலைத் தலைவன் நள்ளியையும் வல்வில் வேட்டுவன் என்றே சொல்கிறார். ஆக, வலிய வில் வைத்திருந்த மலைத்தலைவர்கள் வேறு சிலரும் உண்டு. இதைவிட நல்ல சான்று முல்லைப்பாட்டில் கிடைக்கிறது. பாசறையில் வீரர்கள் வல்வில்களை நிலத்தில் ஊன்றி, அவற்றில் அம்பறாத்தூணிகளைத் தொங்கவிட்டு, கயிறு கட்டி இருப்பிடம் அமைக்கிறார்கள். காவியுடைத் துறவி முக்கோலில் தன் துணியைப் போட்டுவைத்ததைப் போல அது இருந்தது என்று உவமை சொல்கிறார் புலவர். பாசறைக் கூடாரத்துக்குக் கால் ஆகக்கூடிய பொருள் இடுப்பளவுக் குச்சியாக இருக்க முடியாது. தூணியின் பாரத்தைத் தாங்கி, கயிற்றின் இழுப்புக்கு வளையாமல் நிற்க வேண்டும். ஆள் உயரத்துக்குக் குறையாத, தடித்த, ஒரே மரத்தாலான வில் கண்முன் வருகிறது. வல்வில் என்று சொன்னால் கேட்டவர்களுக்கு இன்ன அளவு, இன்ன கனம் என்று தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த உவமை பலிக்காது.

அவ்வளவு கனமான வில் கொல்லிமலைக்கு எதற்கு? தினைப்புனத்தில் கிளி ஓட்டக் கவண் போதும். முயலுக்கும் காட்டுக்கோழிக்கும் கண்ணி போதும். கபிலர் பாடிய குறுந்தொகை 100ஆம் பாட்டு ஏழே அடிதான்; தலைவியின் தோளைப் பற்றிய காதல் பாட்டு. ஆனால் போகிறபோக்கில் ஒரு மலையின் பொருளாதாரத்தையே சொல்லிவிட்டுப் போகிறது. அருவி பாயும் பரப்பில் ஐவன நெல் விதைக்கிறார்கள். காட்டு மல்லிகையையும் பச்சை மரலையும் களையாகப் பிடுங்குகிறார்கள். சிறுகுடி பசிக்கும்போது யானைத் தந்தத்தை விற்றுச் சாப்பிடுகிறார்கள். அதற்கு அடுத்த அடியில் வல்வில் ஓரியின் கொல்லி வருகிறது. விளைச்சல் பொய்த்தால் தந்தம்தான் கைமுதல் என்றால், யானையை வீழ்த்தும் கருவி அங்கே அரசனின் அலங்காரமாக இருந்திருக்க முடியாது. அடுப்பெரிய அது வேண்டும். செத்த யானையின் கொம்பைப் பொறுக்கி விற்றிருக்கலாமே என்பது நியாயமான மறுப்புத்தான். சிலர் அப்படியும் செய்திருப்பார்கள். ஆனால் தந்தம் விற்கும் குடிகளும் யானையைத் துளைக்கும் அம்பும் வலிய வில்லும் வெவ்வேறு புலவர்களின் பாட்டில் ஒரே மலையின் மேல் வந்து குவிவதை வெறும் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அம்பின் முனைக்கு இரும்பும் தொலைவில் இல்லை. இதே கொங்குப் பகுதியில், நொய்யல் கரைக் கொடுமணலில், இரும்பு உருக்கிய உலைகளும் அம்பு முனைகளும் அகழ்வில் கிடைத்திருக்கின்றன.

வில் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. மரமும் நாரும் நம் மண்ணில் கறையானுக்குத் தப்புவதில்லை. ஆகவே சொற்களிலும் தாவரங்களிலும்தான் தேட வேண்டியிருக்கிறது. கொடுமரம் என்பது வில்லுக்குப் பழைய பெயர்; வளைந்த மரம் என்று பொருள். சிலை என்பதும் வில்தான். அது ஒரு மரத்தின் பெயர் என்றும், அம்மரத்தில் செய்ததால் வில்லுக்கும் அப்பெயர் வந்தது என்றும் உரைகாரர்கள் விளக்குகிறார்கள். வில்லை மரத்தின் பெயராலேயே அழைத்த சமூகம் மரத்தைத் தேர்வதில் அலட்சியமாக இருந்திருக்காது. மலைச்சரிவில் மூங்கிலும் உண்டு. மூங்கிலில் வெளித்தோல் இழுவையைத் தாங்கும், உட்பக்கம் அமுக்கத்தைத் தாங்கும். அதனால் தோல்பக்கம் எய்பவனுக்கு எதிர்ப்புறமாக, வில்லின் முதுகில் வர வேண்டும். மாற்றி வைத்தால் இரண்டாம் இழுப்பிலேயே சிம்பு தெறிக்கும். குழல்மூங்கிலைவிட உள்ளீடு நிறைந்த கல்மூங்கில் இதற்கு ஏற்றது. நாணுக்கு மரல், இன்று மருள் என்கிறார்களே, அதே செடி. கத்தி போல நிமிர்ந்த இலையைச் சீவினால் வெண்ணிறத்தில் உறுதியான நார் வரும். வடமொழியில் மூர்வை எனப்பட்ட நாரும் இதுவே என்பர். வில்நாணுக்கு மௌர்வி என்ற பெயர் அதிலிருந்து வந்தது. ஆங்கிலத் தாவர நூல்களும் இதை வில்நாண் சணல் என்றே குறிக்கின்றன. புறநானூற்றின் 264ஆம் பாட்டில் நடுகல்லுக்குச் சூட்டும் கண்ணியைத் தொடுப்பது மரல் நாரால்தான். கபிலரின் கொல்லிப் பாட்டில் நாண் பற்றிய பேச்சே இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வல்வில் ஓரியின் மலையில் மரல் களையாகப் பிடுங்கும் அளவுக்கு மண்டிக்கிடந்தது என்று அது சொல்கிறது. நாணுக்கு ஊர்விட்டு ஊர் போக வேண்டியிருக்கவில்லை.

கருவி பாதி, கை பாதி, கையை ஏன் குறைக்கிறாய் என்று கேட்பார்கள். குறைக்கவில்லை; வரிசையைத்தான் மாற்றுகிறேன். வலிய வில்லே ஒரு தனி நுட்பத்தைக் கட்டாயப்படுத்துகிறது. மெல்லிய வில்லைத் தோளாலும் கையாலும் இழுத்துவிடலாம். கனத்த வில்லை முதுகால்தான் இழுக்க முடியும். இழுத்தபடி நெடுநேரம் குறிபார்த்து நிற்கவும் முடியாது. இழுப்பும் பார்வையும் விடுப்பும் ஒரே மூச்சில் நடக்க வேண்டும். 1545இல் மூழ்கி 1982இல் மேலே கொண்டுவரப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் நூற்றுக்கும் மேற்பட்ட நெடுவிற்கள் முழுசாகக் கிடைத்தன. அவற்றின் இழுவிசை 100 பவுண்டிலிருந்து 180 பவுண்டு வரை போகும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். இன்றைய ஒலிம்பிக் ஆடவர் இழுப்பது 50 பவுண்டை ஒட்டித்தான். அம்பையும் வில்லுக்குத் தக்கபடி தேர வேண்டும். விடுபட்ட கணத்தில் அம்பு நேராகப் போவதில்லை. பாம்பு போல நெளிந்து வில்லின் பிடியைச் சுற்றிக்கொண்டுதான் வெளியேறுகிறது. வலிய வில்லுக்கு மெலிந்த அம்பு வைத்தால் எவ்வளவு தேர்ந்த கையும் தவறும். பனிக்கட்டி மேல் ஆடும் ஐஸ் ஹாக்கியிலும் இதே கணக்கு உண்டு என்பது நம் ஊருக்குப் புதிதாகப் படலாம். வேகமாக அடிக்கும் ஆட்டக்காரர் மட்டையால் பக் என்ற வட்டை நேரே அடிப்பதில்லை; அதற்குச் சற்றுப் பின்னால் பனியில் அறைகிறார். மட்டை வில்லாக வளைகிறது, வளைவு நிமிரும் விசையில் பக் பறக்கிறது. மட்டையை ஓர் அங்குலம் வளைக்க எத்தனை பவுண்டு அழுத்தம் வேண்டும் என்ற எண்ணையே அதன்மேல் அச்சிட்டு விற்கிறார்கள். உடல் எடைக்கு மீறிய விறைப்பான மட்டையை எடுத்தவரால் அதை வளைக்கவே முடியாது. வளையாத மட்டை விசை தராது. அங்கேயும் அடியைத் திருத்துவதற்கு முந்தைய பாடம் மட்டையைத் தேர்வதுதான்.

ஒரே அம்பில் ஐந்து உயிர் நடக்கிற காரியமா என்றால், இல்லை. யானையைக் கையால் இழுத்த வில்லால் வீழ்த்தலாம் என்பதற்கு இருபதாம் நூற்றாண்டில் ஹோவர்டு ஹில் என்ற அமெரிக்கர் ஆப்பிரிக்காவில் செய்து, படமாகவும் எடுத்து 1952இல் வெளியிட்ட சான்று இருக்கிறது. அவர் வில்லும் 100 பவுண்டுக்கு மேல் இழுத்ததுதான். ஆனால் யானையைத் தாண்டிப் புலிக்குப் போகும் அம்பு பாட்டில் மட்டுமே உண்டு. இருந்தாலும், மிகைக்குக்கூட ஒரு திசை உண்டு. கொடையை மிகைப்படுத்தினால் பொற்குவியல் வரும், அழகை மிகைப்படுத்தினால் இம்மலையின் தெய்வப்பெண் உருவமான கொல்லிப்பாவை வரும். இங்கே மிகை சென்ற திசை துளைக்கும் ஆற்றல். எது பெருமையாகக் கருதப்பட்டது என்பதற்கு அந்தத் திசை போதுமான சாட்சி. இன்னொரு கேள்வி கொஞ்சம் கடினமானது: அவ்வளவு வலிய வில் இருந்தும் ஓரி ஏன் தோற்றான்? முள்ளூர் மன்னன் காரி அவனைக் கொன்று, செழித்த பலாமரங்கள் நிறைந்த கொல்லியைச் சேரருக்குக் கொடுத்தான் என்கிறது அகநானூறு 209. இருவரும் குதிரையேறி மோதியதைச் சிறுபாணாற்றுப்படை நினைவுகூர்கிறது. ஆள் உயர வில் நின்று எய்வதற்கானது. மரத்தின் மறைவும் ஏறுவழியின் குறுக்கமும் அதற்குத் துணை. ஓடும் குதிரையின் முதுகில் அதே நீளம் இடைஞ்சல். தோல்விக்கு இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் யானை வேட்டைக்கென்று தேர்ந்த கருவி குதிரைப் போருக்கும் உதவியாக வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் பொருளில்லை.

இன்று மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் காஞ்சிபுரத்திலிருந்து தங்கள் முன்னோர் வந்ததாகச் சொல்லும் மரபுடையவர்கள். ஓரியின் குடிகளோடு அவர்களை நேர்க்கோட்டில் இணைப்பது சரியாகாது. தொடர்ந்து வந்தது காடு. அதுவும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கைமாறியது. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் எது ஆயுதம் என்று வரையறுத்தபோது துப்பாக்கி, வாள், ஈட்டியோடு வில்லையும் அம்பையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. நான்கு ஆண்டுகள் கழித்து வந்த சென்னை வனச் சட்டம், ஒதுக்கப்பட்ட காட்டில் மரம் வெட்டுவதையும் வேட்டையாடுவதையும் அரசின் அனுமதிக்குள் கொண்டுவந்தது. முதல் சட்டம் வில்லைத் தொட்டது, இரண்டாவது சட்டம் வில்லுக்கான மரத்தையும் அதன் இலக்கையும் தொட்டது. துப்பாக்கி வந்ததால் வில் போயிற்று என்று சொல்வதே வழக்கம். அதில் உண்மை இருந்தாலும், மரத்தைத் தேரும் உரிமை போன இடத்தில் வில் எப்படியும் நின்றிருக்காது. 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது கொல்லியில் அது கட்டுப்படுத்த வலிய வில் ஏதும் மிஞ்சியிருந்ததாகத் தெரியவில்லை. செம்மேட்டில் ஓரிக்குச் சிலை இருக்கிறது, ஆடியில் வில்வித்தைப் போட்டியும் நடத்தியிருக்கிறார்கள். மருளின் ஆப்பிரிக்க உறவுச் செடி ஒன்று நகரத்து வரவேற்பறைகளில் தொட்டியில் நிற்கிறது. கபிலர் காலத்தில் கொல்லிச் சரிவில் ஐவன நெல்லுக்கு இடையூறு என்று பிடுங்கி எறிந்த அதே குலம். இப்போது விலைக்கு வாங்கித் தண்ணீர் ஊற்றுகிறார்கள்.