புதுமனை தேடும் மானிடம்

ஊர் விட்டு ஊர் வந்தோர் முதலிற் கேட்பது, தங்குதற்கு இடம் உண்டா என்பதே. அவ்விடத்தில் முன்னரே வாழ்வோர் கேட்பதோ, வருபவர் எத்தகையர் என்பது. இவ்விரு வினாக்களையும் விண்வெளிக்கு எடுத்துச் சென்ற இலக்கியமொன்று உண்டு. அறிவியற் புனைகதை எனப்படும் அவ்விலக்கியத்தின் ஒரு கிளையை மட்டும் இங்கு நோக்குவோம்.

1927இல் ஜே. பி. எஸ். ஹால்டேன் என்னும் மரபியல் அறிஞர் 'இறுதித் தீர்ப்பு' எனப் பொருள்படும் கட்டுரையொன்றை ஒரு நூலிற் சேர்த்து வெளியிட்டார். கடல் ஓதத்தின் ஆற்றலை மாந்தர் அளவின்றிப் பயன்படுத்துகின்றனர். அதனால் புவியின் சுழற்சி தளர்கிறது. பன்னெடுங்காலம் கழித்துத் திங்கள் அணுகி வந்து சிதறப் புவி பாழாகிறது. அதற்குமுன் ஒரு கூட்டத்தார் தலைமுறை தலைமுறையாகத் தம் உடலை வெள்ளிக் கோளுக்கேற்பத் திருத்திக்கொண்டு அங்கே குடியேறுகின்றனர். இதனை எழுதியவரும் பின்னாளில் ஊர் பெயர்ந்தவரே. 1957இல் இங்கிலாந்தை விட்டுக் கல்கத்தாவுக்கு வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்தார்.

ஹால்டேனின் சிந்தனை ஓலாஃப் ஸ்டேபிள்டனைத் தூண்டியது என்பர். 1930இல் ஸ்டேபிள்டன் எழுதிய பெருங்கதையிலும் மானிடர் வெள்ளிக்குச் செல்கின்றனர். ஆனால் அங்குள்ள கடலில் அறிவுடைய உயிர்கள் முன்னரே வாழ்கின்றன. தமக்கு உயிர்க்காற்று வேண்டி மானிடர் கடல்நீரைப் பிரிக்கத் தொடங்க, பூசல் எழுகிறது. முடிவில் அவ்வுயிர்க்குலம் முற்றும் அழிக்கப்படுகிறது. வென்றவர்க்கு மனை கிடைத்தது. மன அமைதி கிடைக்கவில்லை.

வந்தவர் இழைக்கும் தீங்கு இது. வளர்த்தவர் இழைக்கும் தீங்கை 1936இல் செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக் காட்டினார். சுமத்திரா அருகே காணப்பட்ட அறிவுள்ள நீர்ப்பல்லிகளை வணிகர் கூலியின்றி உழைக்கச் செய்து, கருவியும் வெடியும் தருகின்றனர். எண்ணிக்கை பெருகியதும் அவை தமக்குக் கரையோரம் வேண்டி மனிதர் நிலத்தையே தகர்க்கின்றன. அறிவைக் கொடுத்து உரிமையை மறுத்ததன் விளைவு அது.

1952இல் நூலாக வந்த கிளிஃபோர்டு சைமக்கின் கதைத்தொடரில் மானிடரிற் பெரும்பாலோர் உடலை மாற்றிக்கொண்டு வியாழனுக்குப் போய்விடுகின்றனர். புவியிற் பேசக் கற்ற நாய்கள் எஞ்சுகின்றன. மனிதன் என ஒருவன் உண்மையில் இருந்தானா என்று அவை பிற்காலத்தில் ஆராய்கின்றன. பிரிந்து சென்றவர் விட்டுச் சென்ற வீட்டில் வெறும் பழங்கதையாகிவிடுவது குடிபெயர்ந்தோர் அறிந்த அச்சமன்றோ?

2015இல் ஆங்கில எழுத்தாளர் ஏட்ரியன் சைக்கோவ்ஸ்கி இரு இழைகளையும் ஒன்றாக முறுக்கினார். பாழான புவியின் கடைசி மாந்தர் கப்பலொன்றில் அலைந்து, தங்குதற்கேற்ற ஒரே கோளை அடைகின்றனர். அங்கோ அறிவில் வளர்ந்த சிலந்திகள் நகரமைத்து வாழ்கின்றன. அச்சிலந்தியினம் ஆசிரியர் புனைந்ததன்று. போர்ஷியா எனப்படும் அது இந்தியாவிலும் இலங்கையிலும் உண்டு. இரையை நேரே அணுக இயலாதபோது சுற்றுவழியைத் தேர்ந்து செல்லும் அதன் திறம் ஆய்விற் கண்டதே. கதையின் இறுதிப் போரில் சிலந்திகளே வெல்கின்றன. எனினும் வந்தவரை அழிக்கவில்லை. மற்றவரைத் தம் இனமாக உணரச் செய்யும் நுண்கிருமியொன்றை அவர்களுக்குள் செலுத்தி உறவாக்கிக்கொள்கின்றன. 1930இல் அழிவில் முடிந்த கதை, எண்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் இணக்கத்தில் முடிந்தது.

நமக்கு அத்தகைய கிருமி தேவைப்படவில்லை. அயல்மாநிலத்தில் நாம் வந்திறங்கிய நாளில், நம் பேச்சு விளங்குமுன்னரே அடுத்த வீட்டார் ஒரு குடம் நீர் தந்தனர். இன்று அதே தெருவுக்கு வேறு மொழி பேசும் புதியவர் வருகின்றனர். இப்போது நாம் முன்னரே இருப்பவர். நம் வாயிற்கதவு அவர்க்குத் திறக்கிறதா என்பதே இக்கதைகள் நம்மை நோக்கிக் கேட்கும் வினா.