சூலியா: ஒரு தெருப்பெயரின் பூர்வீகம்

பினாங்கு ஜார்ஜ்டவுனில் லெபோ பந்தாயில் தொடங்கி ஜாலான் பினாங்கு வரை நீளும் தெருவுக்கு லெபோ சூலியா என்று பெயர். மலிவு விடுதிகளுக்கும் ராத்திரி மீ நூடுல்ஸ் கடைகளுக்கும் பேர்போன இடம். வழியில், கிங் ஸ்திரீட் முனையில், நாகூர் தர்கா நிற்கிறது. இந்தத் தெரு யார் பெயரைச் சுமக்கிறது என்று கேட்டால், “அந்தக் காலத்துத் தமிழ் முஸ்லிம்கள்” என்று பதில் வரும். பதில் சரிதான். ஆனால் அந்தத் தமிழ் முஸ்லிம்கள் தங்களை மரைக்காயர், ராவுத்தர், லெப்பை என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். சூலியா என்று அவர்களை அழைத்தவர்கள் மற்றவர்கள்.

1786 ஆகஸ்டு 11 அன்று பிரான்சிஸ் லைட் இந்தத் தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கைக்கொண்டார். எட்டு ஆண்டு கழித்து, 1794இல், குடிகளைப் பற்றிக் கம்பெனிக்கு அவர் எழுதிய குறிப்பில் சூலியாக்கள் வருகிறார்கள். சோழமண்டலக் கரையின் துறைமுகங்களிலிருந்து வந்தவர்கள். பலர் கெடாவில் முன்பே குடியிருந்தவர்கள், சிலர் அங்கேயே பிறந்தவர்கள். கடை வைத்திருப்பார்கள் அல்லது கூலி வேலை செய்வார்கள் என்று விவரிக்கிறார். குடும்பத்தோடு தங்கிவிட்டவர்கள் சுமார் 1,000 பேர். அவர்களைத் தவிர, ஆண்டுதோறும் கப்பலில் 1,300 முதல் 2,000 பேர் வந்து, நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புவார்கள். அவர்கள் இடத்துக்கு அடுத்த கப்பலில் வேறு ஆட்கள் வருவார்கள். ஆக, லைட் வருமுன்பே இவர்கள் இந்தக் கரைக்கு வந்துவிட்டிருக்கிறார்கள்.

பெயரின் வேர் எது? ஆங்கிலோ-இந்தியச் சொற்களின் அகராதியான ஹாப்சன்-ஜாப்சன் ஒரு விசித்திர விளக்கத்தைப் பதிவு செய்கிறது. குடுமியைக் குறிக்கும் ‘சூடா’ என்ற வடசொல்லிலிருந்து வந்ததாம். இஸ்லாத்தில் சேரும்போது குடுமியைக் களைந்தவர் என்பதால் சூலியாவாம். இது பெயரைப் பார்த்துக் கட்டிய கதை. பொருந்துகிற வேர் தமிழிலேயே இருக்கிறது. சோழ நாட்டவன் சோழியன். சோழிய வெள்ளாளர் உண்டு, சோழியப் பிராமணர் உண்டு. “சோழியன் குடுமி சும்மா ஆடுமா” என்பது வீட்டுக்கு வீடு தெரிந்த பழமொழி. ழகரம் வராத நாவில் சோழியன் சோலியன் ஆகி, சூலியாவாக நின்றது. குடுமி விளக்கத்துக்கும் இந்தப் பழமொழிக்கும் உறவில்லை என்றாலும், சோழியனைத் தேடிப்போகிறவர் எந்தப் பக்கம் போனாலும் குடுமியில் இடித்துக்கொள்வது வேடிக்கைதான்.

ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் கடாரம்வரை படை அனுப்பினானே, அந்த நினைவில்தான் மலாய்க் கரையில் சோழன் பெயர் ஒட்டிக்கொண்டதா? கடாரம் என்பது பினாங்குக்கு எதிரே இருக்கும் கெடா என்பதால் இப்படி நினைக்கத் தோன்றும். ஆனால் இந்தச் சொல்லின் பழைய தடம் வேறு கரையில் கிடைக்கிறது. 1340களில் கொல்லத்துக்கு வந்த பயணி இபின் பதூதா, அந்த ஊர் வணிகர்களைச் சூலிகள் என்பார்கள், பெரும் செல்வர்கள் என்று எழுதிவைத்தார். மேற்குக் கரைக்காரர்கள் கிழக்குக் கரையிலிருந்து வந்தவர்களை நாட்டுப்பெயரால் அழைத்த வழக்கம் இது. கேரளத்தில் தமிழனைப் ‘பாண்டி’ என்பது இன்றும் காதில் விழுகிறது. பாண்டிய அரசு போய் நூற்றாண்டுகள் ஆகியும் பெயர் போகவில்லை. படையைவிட வணிகரின் வாய்ச்சொல்தான் சூலியாவைக் கடல் கடத்தியது என்று கொள்வதே பொருத்தம்.

மலாய்க்காரர்கள் வைத்த பெயர் வேறு. அவர்களுக்குத் தென்னிந்தியா முழுதும் ‘பெனுவா கெலிங்’, அங்கிருந்து வந்தவர் கெலிங். இதன் வேர் கலிங்கம். கலிங்கம் இருந்தது ஒடிசாப் பக்கம். வந்து இறங்கியவர்களோ நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால், பரங்கிப்பேட்டைக்காரர்கள். எப்போதோ வந்த ஒரு நாட்டாரின் பெயர் பின்னால் வந்த எல்லாருக்குமாக விரிந்துவிட்டது. இந்தச் சமூகத்தின் தலைவராக ஆங்கிலேயர் ஏற்ற காதர் மொகிதீன், வரலாற்றில் கப்பித்தான் கெலிங் ஆனார். ‘கப்பித்தான்’ போர்த்துக்கீசிய வழிச் சொல், ‘கெலிங்’ கலிங்கத்துச் சொல், ஆள் தமிழர். 1801இல் எழுந்த பள்ளிவாசலும் அந்தப் பட்டப்பெயரையே தாங்கியிருக்கிறது. அவர் வீட்டுப் பெயரான மரைக்காயர், ‘மெரிக்கான்’ என்று தேய்ந்து, பினாங்குக் குடும்பங்களின் பெயர்களில் இன்றும் தொடர்கிறது.

இரண்டு பெயர்களின் பிற்கால விதி ஒன்றல்ல. கெலிங் காலப்போக்கில் வசையாக மாறியது. மலேசியத் தமிழர் இன்று அதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். சூலியாவுக்கு அந்தக் கறை படியவில்லை. சிங்கப்பூரில் கிளிங் ஸ்திரீட் என்றிருந்த தெரு, இந்தியர்களின் ஆட்சேபத்தால், 1920களின் தொடக்கத்தில் சூலியா ஸ்திரீட் ஆனது. அதே சிங்கப்பூரில் ஜாமியா பள்ளிவாசலின் பெயரோடும் சூலியா சேர்ந்திருக்கிறது. ரங்கூனிலும் சூலியாப் பள்ளிவாசல் உண்டு.

இதில் நாம் மட்டும் குறைபட்டுக்கொள்ள நியாயமில்லை. கப்பல் ஏறிய ஊர்களில் ஒன்றின் பெயரையே பாருங்கள்: பரங்கிப்பேட்டை. பரங்கி என்பது ஃபிராங்குகளின் பெயர். ஃபிராங்குகள் ஒரு ஜெர்மானியக் குலத்தார். அரபியும் பாரசீகமும் அந்தப் பெயரை ஐரோப்பியர் அனைவருக்கும் விரித்தன. அந்த வழியில் வந்த சொல்லை நாம் போர்த்துக்கீசியர்மேல் சூட்டினோம். நெதர்லாந்தின் ஒரு பகுதியான ஹாலந்தைக் கொண்டு அந்த நாட்டார் அத்தனை பேரையும் ஒல்லாந்தர் ஆக்கினோம். ஜெர்மானியர்களும் தப்பவில்லை. தங்களை ‘டொய்ச்’ என்று சொல்லும் அவர்களை, பிரெஞ்சுக்காரர் அலெமானி என்ற குலத்தின் பெயராலும் பின்லாந்துக்காரர் சாக்சன் பெயராலும் அழைக்கிறார்கள். பெயர் வைப்பவர் தமக்கு முதலில் அறிமுகமானவரை வைத்தே முழு நாட்டுக்கும் பெயர் வைக்கிறார். அதனால் இத்தகைய பெயர்கள் வந்தவரைப் பற்றிச் சொல்வதைவிட, இருந்தவர் யார் யாரோடு பழகியிருந்தார் என்பதைப் பற்றியே அதிகம் சொல்கின்றன.

இதற்கு மாறான ஒன்றும் நம் காலத்தில் நடந்தது. 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கைத் தமிழர்கள் சுவிட்சர்லாந்துக்கும் ஜெர்மனிக்கும் போனார்கள். சூலியாக்கள் பள்ளிவாசலும் தர்காவும் கட்டியது போல, இவர்கள் ஜெர்மனியின் ஹாம் நகரில் காமாட்சி அம்பாளுக்குக் கோபுரத்தோடு கோயில் எழுப்பி 2002இல் குடமுழுக்குச் செய்தார்கள். 2014இல் திறந்த பெர்ன் நகரின் சமயங்களின் இல்லத்திலும் தமிழரின் சிவன் கோயில் இருக்கிறது. ஜெர்மன் மொழி இவர்களுக்கு வைத்திருக்கும் பெயர் ‘டமீலன்’. சோழனும் கலிங்கனும் இல்லாமல், தாங்களே சொல்லிக்கொள்ளும் பெயரால் அழைக்கப்படுவது கடல் கடந்த தமிழருக்கு எல்லா இடத்திலும் வாய்த்ததில்லை.

அதற்காகச் சூலியா தெருவின் பெயரை மாற்ற வேண்டியதில்லை. சோழியன் என்ற தமிழ்ச்சொல் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் பலகையில் வாழ்கிறது என்று தெரிந்துகொண்டால் போதும். இன்று நம் தெருவுக்குப் புதிதாகப் பிழைக்க வருபவர் வங்காளியோ நேபாளியோ பர்மாக்காரரோ யாராக இருந்தாலும், பொதுவாக ஒரு பெயரை ஒட்டிவிடுவதற்கு முன்னால், உங்கள் பெயர் என்ன என்று அவரையே கேட்டுவிடுங்கள்.