பின்சுழற்காற்று அளவீடு

ஓடுபாதையை நாடி இறங்கும் ஆகாய விமானம், தன் இறக்கை நுனிகளிலிருந்து பின்னே விட்டுச்செல்லும் இரட்டைச் சுழல்களின் வலிமையையும், அவை நகரும் போக்கையும், அடங்கப் பிடிக்கும் நேரத்தையும் கருவிகளால் கணிப்பது பின்சுழற்காற்று அளவீடு எனப்படும். இறக்கையின் கீழே அழுத்தம் மிகுந்தும் மேலே குறைந்தும் இருத்தலால், காற்று நுனியைச் சுற்றி மேலேறிச் சுருள்கிறது. எடை கூடினாலும் வேகம் குறைந்தாலும் இச்சுழலின் உக்கிரம் பெருகுமாதலால், பாரமிக்க விமானம் மெதுவாக இறங்கும் தறுவாயே அபாயம் மிகுந்தது. 1972 மே 30 அன்று அமெரிக்காவின் ஃபோர்ட் வொர்த் நகரில், டிசி-10 ஒன்றைப் பின்தொடர்ந்து இறங்கவந்த டிசி-9 பயிற்சி விமானம் புரண்டு வீழ்ந்து நால்வர் மாண்ட பிற்பாடே இடைவெளி விதிகள் கடுமையாயின.

உயரத்தில் ஒன்றையொன்று கீழே தள்ளிக்கொண்டு இறங்கும் இச்சுழல்கள், தரையை நெருங்கியதும் மேலும் தாழ வழியின்றி இருபுறமும் விலகி ஓடத் தலைப்படுகின்றன. அவ்வேளையில் குறுக்குக்காற்று மெல்லென வீசுமாயின், காற்று வரும் பக்கத்துச் சுழல் தன் ஓட்டம் தடைப்பட்டு ஓடுபாதையின்மீதே தங்கிவிடும். பலத்த காற்றோ இரண்டையும் அடித்துச் சென்றுவிடும். ஆகவே சாந்தமான நாளே சந்தேகத்துக்குரிய நாள். சுழலின் வலிமையினும் அது நிற்கும் இடமே அளப்போருக்குப் பிரதானம்.

ஆதியில் ஓடுபாதை முனைக்கு அப்பால் கம்பங்களை வரிசையாக நாட்டிக் காற்றுவேகமானிகளைப் பொருத்தினர். ஒலியலைகளை மேலே அனுப்பி எதிரொலியைக் கேட்கும் உபகரணங்களும் கையாளப்பட்டன. இன்று முதன்மை பெற்றிருப்பது லிடார். விமானம் வரும் பாதைக்குக் குறுக்காக மேலும் கீழும் வருடும் லேசர் கதிர், காற்றில் மிதக்கும் தூசுகளிற் பட்டு மீள்கையில் அதன் அதிர்வெண்ணில் நேரும் டாப்ளர் மாற்றத்தைக்கொண்டு சுழலின் வேகமும் மையமும் கணிக்கப்படுகின்றன. அடர்பனியில் இக்கருவி பார்வை இழக்கும். தூசியே இல்லாத சுத்தமான காற்றும் இதற்கு உதவாது. 2019-இல் வியன்னாவில், ஓடுபாதைக்கு முன்னே தரையில் நிறுத்திய தட்டி வரிசைகள் சுழலை விரைவில் சிதைக்கின்றனவா என்று ஜெர்மானிய விண்வெளி ஆய்வு நிலையத்தார் லிடார் கொண்டே பரிசோதித்தனர்.

ஆயினும் எல்லா நிலையங்களுக்கும் இக்கருவி தேவையில்லை. சேலம் மாவட்டத்தின் விமான நிலையம் ஓமலூரை அடுத்த கமலாபுரத்தில் உள்ளது. அங்கு வந்துபோகும் ஏடிஆர்-72 சுமார் 23 டன் எடையுள்ளது. 7 டன்னுக்கு மேல் 136 டன்னுக்குக் கீழ் என்னும் நடுத்தர வகுப்பைச் சேர்ந்தது. ரேடாரின் துணையின்றி அதன்பின் இறங்கும் சிற்றெடை விமானம் 3 நிமிஷம் பொறுக்கவேண்டும் என்பது சர்வதேச விதி. இவ்விடத்துக்கு லிடார் வீண் செலவே, கடிகாரம் போதும். விமானங்கள் ஓயாது வரிசைகட்டி இறங்கும் பெருநகர நிலையங்களிலோ ஒவ்வொரு நிமிஷமும் பொருளாகும். அவ்விதமான நெருக்கடியைத் தணிக்கவே, பலவாண்டு அளவீடுகளை ஆதாரமாகக்கொண்டு விமானங்களை ஆறு வகுப்புகளாகப் பிரித்த ஐரோப்பிய முறை, 2016-இல் பாரிஸ் ஷார்ல் தெ கோல் நிலையத்தில் நடைமுறைக்கு வந்தது.