கடல் கடந்த செல்வமும் கட்டடக்கலையும்: கொமியாஸ் நகரம் பற்றிய ஒரு நோக்கு

ஒரு நகரின் கட்டடங்கள் அந்நகரிலேயே ஈட்டப்பட்ட செல்வத்தின் வெளிப்பாடாக அமைதல் வேண்டும் என்பதில்லை. தொலைவிலுள்ள நாடொன்றில், வேறொரு மக்களின் உழைப்பினால் திரண்ட செல்வமும் ஓர் ஊரின் தோற்றத்தை மாற்றியமைக்கக்கூடும். ஸ்பெயினின் வடகரையில், கந்தாப்ரியாப் பிரதேசத்தில் அமைந்த கொமியாஸ் என்னும் சிறு நகரம் இதற்குத் தக்க சான்றாகும்.

மலைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட அந்நிலத்தில் சிறு காணிகளே பலருக்கு வாழ்வாதாரமாயிருந்தன. எனவே 19ஆம் நூற்றாண்டில் இளைஞர் பலர் கியூபா, மெக்சிக்கோ முதலிய நாடுகளுக்குப் பெயர்ந்தனர். அவர்களுள் செல்வத்துடன் மீண்டோர் சிலரே. அமெரிக்க நிலப்பரப்புகளை 'இந்தியாஸ்' என வழங்கிய மரபினால் இச்சிலர் 'இந்தியானோ' எனப்பட்டனர். கண்ணாடி அடைப்புடைய மாடங்களும், முற்றத்தில் நடப்பட்ட பனையினத் தாவரங்களும் அவர்தம் மாளிகைகளின் அடையாளங்களாயின. மீளாதோர் ஊரில் எவ்விதக் கட்டடத்தையும் விட்டுச் செல்லவில்லை என்பதும் மனங்கொளத்தக்கது.

கொமியாஸ் முன்னர் திமிங்கில வேட்டைக்கும் மீன்பிடிக்கும் பெயர்பெற்ற துறையாக விளங்கியது. அதன் பழைய பகுதியிலுள்ள கல்வீடுகளும் மரப்பலகணிகளும் உள்ளூர் மரபைச் சார்ந்தவை. 17ஆம் நூற்றாண்டில் எழுந்த சான் கிறிஸ்தோபல் தேவாலயம் ஊரவர் தம் சொந்த முயற்சியாற் கட்டியது. அதுவரை நகரின் முதன்மைக் கட்டடம் கூட்டு உழைப்பின் பயனாகவே இருந்தது.

இந்நிலையை மாற்றியவர் அந்தோனியோ லோப்பஸ் இ லோப்பஸ். 1817இல் இவ்வூரின் எளிய குடும்பமொன்றிற் பிறந்த இவர், கியூபாவின் சாந்தியாகோ நகரில் வணிகராகி, பின்னர் பார்சலோனாவிற் குடியேறினார். கப்பற்போக்குவரத்து, வங்கி, பிலிப்பைன்ஸ் புகையிலை ஆகிய துறைகளில் இவரது முதலீடுகள் பெருகின. 1878இல் 'கொமியாஸ் மார்க்கீஸ்' என்னும் பிரபுப் பட்டம் இவருக்கு அளிக்கப்பட்டது. 1881ஆம் ஆண்டுக் கோடையில் மன்னர் 12ஆம் அல்போன்சோ இவரது விருந்தினராக இவ்வூரில் தங்கினார்.

பட்டத்திற்கேற்ற பின்புலத்தைக் கட்டடங்களே வழங்கின. குவான் மார்த்தொரெல் வரைந்த சொப்ரெயானோ மாளிகையும், அதனருகேயுள்ள குடும்பக் கல்லறைக் கோயிலும் நவகோதிக் பாணியில் எழுந்தன. பரம்பரைப் பெருமையில்லாதார்க்கு இடைக்காலப் பிரபுக்களின் பாணி பழமையை ஈந்தது எனலாம். மார்க்கீசின் உறவினரும் கியூபாவிற் பொருளீட்டியவருமான மாக்சிமோ தியாஸ் தெ கிகானோவுக்காக அந்தோனி கௌதி 'எல் கப்ரிச்சோ' இல்லத்தை (1883–1885) வரைந்தார். சூரியகாந்தி மலர் பதித்த ஓடுகளும், மினார் போன்ற கோபுரமும் அதன் சிறப்புகள். உரிமையாளரோ 1885இலேயே காலமானார். எதிரேயுள்ள குன்றில் எழுந்த குருமடத்தின் அலங்கார வேலைகளை லூயிஸ் தொமெனெக் இ மொந்தானேர் நிறைவு செய்தார்.

இவர்கள் மூவரும் கத்தலோனியர். கியூபாவிற் பிறந்த செல்வம் நேரே கொமியாசை அடையவில்லை. பார்சலோனாவின் தொழில், வங்கி முதலீடுகளூடாகவே வந்தது. ஆதலின் இக்கட்டடங்களிற் காணப்படுவது கியூபாவின் பாணியுமன்று, கந்தாப்ரிய மரபுமன்று, பார்சலோனாவின் கலைநோக்கேயாகும். பணம் வந்த வழியே பாணியும் வந்தது.

அப்பணத்தின் தோற்றுவாய் யாது என்பதே அடிப்படை வினா. லோப்பஸ் அடிமை வணிகத்தில் ஈடுபட்டவர் என அவரது மைத்துனர் பிரான்சிஸ்கோ புரூ 1885இல் ஒரு நூலில் வெளிப்படையாகக் குற்றஞ்சாட்டினார். குடும்பப் பகையின் விளைவென அதனை ஒதுக்கிவிட முடியவில்லை. கியூபாவின் நொத்தாரிசுப் பதிவேடுகளை ஆராய்ந்த பிற்கால வரலாற்றாசிரியர்கள், அவர் அடிமைகளை வாங்கி விற்றமைக்குச் சான்று காட்டியுள்ளனர். கியூபாவில் அடிமைமுறை 1886இலேயே முற்றாக ஒழிக்கப்பட்டது. சொப்ரெயானோ மாளிகையின் வேலைகள் அப்போதும் நிறைவுறவில்லை. பார்சலோனா நகரசபை 2018இல் அவரது சிலையை அகற்றியது.

சிலையை அகற்றுதல் எளிது. ஒரு நகரின் உருவத்தை அகற்றுதல் இயலாது. கட்டியோரின் கலைத்திறனை மறுப்பதும் நியாயமாகாது. எனினும் கட்டடக்கலை வரலாறு பாணியையும் சிற்பியையும் கூறுவதோடு அமையாது, கல்லுக்கு விலை கொடுத்த பணத்தையும் அப்பணத்தை ஈட்டித் தந்த கைகளையும் ஆராயும்போதே முழுமை பெறும். கொமியாசின் எழில் கொமியாசில் மட்டும் உருவாகவில்லை; அதில் ஒரு பங்கு, அவ்வூரை ஒருபோதும் கண்டிராத மக்களுக்குரியது.