கடன் வாங்கிய செய்மதியின் ஓராண்டு

1975 ஆம் ஆண்டில் இலங்கையில் தொலைக்காட்சி நிலையம் எதுவும் இருக்கவில்லை. ஆயினும் கொழும்பில் ஒரேயொரு வீட்டில் மட்டும் அவ்வாண்டு தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமான இஸ்ரோவின் பொறியியலாளர்கள் கடல் கடந்து வந்து அவ்வீட்டில் ஒரு பெரிய அன்ரனாவைப் பொருத்திக் கொடுத்திருந்தார்கள். வீட்டுக்காரர் பெயர் ஆர்தர் சி. கிளார்க்.

அந்த மரியாதைக்குக் காரணம் இருந்தது. 1945 ஒக்டோபரில் 'வயர்லெஸ் வேர்ல்ட்' என்ற பிரித்தானிய சஞ்சிகையில் கிளார்க் ஒரு கட்டுரை எழுதினார். நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் ஒரு பொருள், பூமி தன்னைத்தானே சுற்றும் அதே நேரத்தில் ஒரு சுற்றை முடிக்கும்; ஆகவே கீழிருந்து பார்ப்பவனுக்கு அது வானில் அசையாமல் நிற்கும்; அப்படி மூன்று இருந்தால் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்பது அதன் சாரம். அந்நிலையங்களில் மனிதர்கள் தங்கியிருந்து வேலை செய்வார்கள் என்றே அவர் அன்று எண்ணியிருந்தார். டிரான்சிஸ்டர் வரப்போவதை அவராலும் ஊகிக்க முடியவில்லை. 1956 இல் இலங்கைக்கு வந்து குடியேறிய அவருக்கு, தம் கற்பனையின் பலன் தம் வீட்டுக்கே வந்து சேர்ந்தது.

அந்தப் படங்களை அனுப்பிய செய்மதியின் பெயர் ஏ.ரி.எஸ்-6. நாசா நிறுவனத்துக்காக ஃபெயார்சைல்ட் கம்பனி கட்டியது. 1974 மே 30 ஆம் திகதி கேப் கனாவரலிலிருந்து டைட்டன் 3சி ரொக்கெட்டில் ஏவப்பட்டது. இதன் சிறப்பு முழுவதும் அதன் குடையில்தான் இருந்தது. 9 மீற்றருக்குச் சற்று அதிகமான விட்டமுள்ள அன்ரனா. செம்பு பூசிய நூல்வலையை 48 அலுமினிய விலா எலும்புகள் தாங்கின. ஏவும்போது அந்த விலாக்களை நடுத்தண்டைச் சுற்றி வளைத்துக் கட்டியிருந்தார்கள். மேலே போனதும் கட்டு அவிழ, குடை விரிந்தது.

ஏன் இத்தனை பெரிய குடை? 1965 இல் ஏவப்பட்ட 'ஏர்லி பேர்ட்' என்னும் முதல் வர்த்தகச் செய்மதி 240 தொலைபேசி இணைப்புகளைத் தாங்கக்கூடியது. ஆனால் அதன் சைகை மிகவும் பலவீனமானது. அதைப் பிடிக்க இங்கிலாந்தின் கூன்ஹில்லியில் 26 மீற்றர் விட்டமுள்ள இரும்புக் கிண்ணம் தேவைப்பட்டது. அப்படியொன்றைக் கட்டுவதற்கு ஓர் அரசாங்கத்தால்தான் முடியும். ஏ.ரி.எஸ்-6 இந்தக் கணக்கைத் தலைகீழாக்கியது. பெரிய கிண்ணம் வானத்துக்குப் போனது; கீழே கிராமத்துக்குக் கோழிக்கூட்டுக் கம்பிவலையால் செய்த 3 மீற்றர் அன்ரனா போதும் என்றாயிற்று.

இதன் பெறுமதியை முன்கூட்டியே கண்டவர் விக்ரம் சாராபாய். நகரங்களில் தொடங்கிக் கிராமத்துக்குப் போவதற்குப் பதிலாக, நேரே கிராமத்தில் தொடங்கலாம் என்பது அவருடைய வாதம். 1969 செப்டெம்பரில் நாசாவுடன் உடன்படிக்கை கைச்சாத்தானது. ஓராண்டுக்குச் செய்மதி அமெரிக்கர்களுடையது. நிகழ்ச்சிகளும் பெட்டிகளும் நிலத்து நிலையங்களும் இந்தியாவின் பொறுப்பு. 1971 டிசம்பர் 30 ஆம் திகதி கோவளத்தில் சாராபாய் காலமானார். பரிசோதனையை அவர் பார்க்கவில்லை. அகமதாபாத்தில் யஷ்பாலும் ஈ.வி. சிட்னிசும் அதைப் பொறுப்பேற்று நடத்தினார்கள்.

முதலாண்டில் ஏ.ரி.எஸ்-6 அமெரிக்காவுக்கே சேவை செய்தது. அலஸ்காவின் வைத்தியர் இல்லாத குக்கிராமங்களைத் தூரத்து வைத்தியசாலைகளுடன் இணைத்தது. அப்பலாச்சியா மலைநாட்டு ஆசிரியர்களுக்குப் பாடம் கொண்டுசென்றது. பிறகு அதை மெல்ல நகர்த்திக் கிழக்கே 35 பாகைக்குக் கொண்டுவந்தார்கள். 1975 ஜூலையில் அப்பலோ - சோயுஸ் விண்கலங்களின் சந்திப்புக்கும் அது தகவல் காவியது.

1975 ஒகஸ்ட் 1 ஆம் திகதி இந்திய ஒளிபரப்பு ஆரம்பமாயிற்று. ஆந்திரம், கர்நாடகம், ஒரிசா, பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்கள். ஹிந்தி, ஒரியா, தெலுங்கு, கன்னடம் ஆகிய மொழிகளில், நாளுக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம். காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு. மாலையில் விவசாயம், சுகாதாரம், குடும்பக்கட்டுப்பாடு. தமிழ்நாடு பட்டியலில் இல்லை. சென்னையில் அதே மாதம் 15 ஆம் திகதி சாதாரணக் கோபுரத்திலிருந்து தொலைக்காட்சி தொடங்கியது. ஆக, மாநகரம் பெட்டியைக் காண்பதற்கு இரண்டு கிழமைக்கு முன்னரே, அதற்கு முந்திக்கொண்டு மின்சாரம் இல்லாமல் மின்கலத்தில் பெட்டி இயங்கிய கிராமங்களும் இந்தியாவில் இருந்தன.

இன்னொன்றையும் பத்திரிகைக்காரன் என்ற வகையில் சொல்லாமல் விட முடியாது. அந்த ஆண்டு ஜூன் 25 ஆம் திகதி இந்திரா காந்தி அவசரகால நிலையைப் பிரகடனம் செய்திருந்தார். பத்திரிகைகள் தணிக்கையின் கீழ் இருந்தன. மாலை ஒளிபரப்பில் அரை மணி நேரம் டில்லியிலிருந்து ஹிந்தியில் எல்லோருக்கும் பொதுவாகப் போயிற்று. செய்தியும் அதில் அடக்கம். முதன்முதலாகத் தொலைக்காட்சியைக் கண்ட ஒரு தெலுங்குக் கிராமத்தவன், தனக்கு விளங்காத மொழியில் அரசாங்கம் விரும்பிய செய்தியைக் கேட்டுக்கொண்டிருந்தான். பரிசோதனையைப் போற்றி எழுதுபவர்கள் இதைக் கடந்து போய்விடுகிறார்கள். சாராபாய் இருந்திருந்தால் வேறு மாதிரி நடந்திருக்கும் என்று சொல்வதற்கும் எனக்குத் துணிவில்லை.

ஆனால் நடந்தது சிறு காரியமும் அல்ல. ஹைதராபாத்தில் இந்திய அரசின் நிறுவனமே செய்த பெட்டிகள் புழுதியிலும் வெப்பத்திலும் இயங்கின. அவற்றைத் திருத்துவதற்குக் கிராமம் கிராமமாக ஆட்கள் அலைந்தார்கள். ஆயிரக்கணக்கான ஆரம்பப் பள்ளி ஆசிரியர்கள் செய்மதி மூலம் பயிற்சி பெற்றார்கள். ஆரம்ப நாட்களின் பெருங்கூட்டம் பிறகு குறைந்தது. மிஞ்சியவர்கள் தொடர்ந்து வந்தார்கள்.

1976 ஜூலை 31 ஆம் திகதி ஒளிபரப்பு நின்றது. உடன்படிக்கை ஓராண்டுக்குத்தான். இன்னும் சிறிது காலம் இருக்கட்டும் என்ற கோரிக்கை எழுந்தும் பலனில்லை. நிலத்துக் கோபுரங்கள் மூலம் பின்னர் ஒரு பகுதிக் கிராமங்களுக்கு மட்டுமே ஒளிபரப்பு திரும்பக் கிடைத்தது. மற்றவற்றில் கம்பிவலை அன்ரனாக்கள் வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன. இந்தியாவுக்கென்று தொடர்ந்து இயங்கக்கூடிய சொந்தச் செய்மதி, இன்சாட்-1பி, 1983 இல்தான் வந்தது. அதுவும் அமெரிக்காவில் கட்டப்பட்டது.

ஏ.ரி.எஸ்-6 திரும்பிப் போகும் வழியில் வளர்முக நாடுகள் பலவற்றுக்குத் தன் திறமையைக் காட்டிக்கொண்டே மேற்கே 140 பாகைக்குச் சென்றது. காலப்போக்கில் அதை நிலைநிறுத்தும் உந்துகள் ஒவ்வொன்றாகப் பழுதாயின. கட்டுப்பாடிழந்து மற்றச் செய்மதிகளின் பாதையில் அலையக்கூடாது என்பதற்காக, 1979 கோடையில் எஞ்சிய சக்தியைக் கொண்டு அதை உயரே தள்ளிவிட்டு அணைத்தார்கள். இலங்கையின் முதல் தொலைக்காட்சி நிலையம் அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர், அவ்வாண்டு ஏப்ரலில், ஒளிபரப்பைத் தொடங்கியிருந்தது.