1, 101, 113, 127... பாக்கெட் கேப்சர் ஃபைலில் இந்த நம்பர்களுக்கு என்ன வேலை? லிங்க் லேயர் ஹெட்டர் - முழு விளக்கம்

வீட்டு வைஃபை காரணமே இல்லாமல் கட்டாகிறது. ஆபீஸ் சர்வருக்குள் யாரோ நுழைந்திருப்பார்களோ என்று சந்தேகம். புதிதாக வாங்கிய ஸ்மார்ட் கேமரா ராத்திரி நேரத்தில் எங்கேயோ டேட்டா அனுப்புகிறது. மூன்றும் வேறு வேறு பிரச்னைகள். ஆனால் நெட்வொர்க் இன்ஜினியர் முதலில் செய்வது ஒரே வேலைதான். பாக்கெட் கேப்சர்!

அப்படிப் பிடித்த ஃபைலைத் திறக்கும்போது, அதன் ஆரம்பத்தில் இருக்கும் ஒரு சின்ன நம்பர் தப்பாக இருந்தால், உள்ளே இருக்கும் மொத்த டேட்டாவும் குப்பை மாதிரிதான் தெரியும். அது என்ன நம்பர்? யார் கொடுப்பது? பார்க்கலாம் வாங்க.

பாக்கெட் கேப்சர் என்றால் என்ன?

இன்டர்நெட்டில் நாம் அனுப்பும் மெசேஜ், போட்டோ, வீடியோ எல்லாமே சின்னச் சின்ன பாக்கெட்டுகளாகத்தான் போகிறது. அந்தப் பாக்கெட்டுகளை அப்படியே நகல் எடுத்து ஒரு ஃபைலில் சேமிப்பதுதான் பாக்கெட் கேப்சர். 'டிசிபிடம்ப்', 'வயர்ஷார்க்' ஆகிய இரண்டும் இதற்கான பிரபல சாஃப்ட்வேர்கள்.

டிசிபிடம்ப் 1980-களின் இறுதியில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் உருவானது. வான் ஜேக்கப்சன், கிரெய்க் லெரஸ், ஸ்டீவன் மெக்கேன் ஆகியோர் இதை எழுதினார்கள். ஜெரால்ட் கோம்ப்ஸ் 1998-ல் 'ஈதீரியல்' என்ற பெயரில் வெளியிட்ட சாஃப்ட்வேர்தான், 2006-ல் பெயர் மாறி வயர்ஷார்க் ஆனது.

லிங்க் லேயர் ஹெட்டர் எதற்கு?

ஒவ்வொரு பாக்கெட்டும் கூரியர் கவர் மாதிரி. உள்ளே கடிதம், வெளியே முகவரி. ஒன்றுக்குள் ஒன்றாக பல கவர்கள் இருக்கும். அதில் எல்லாவற்றுக்கும் வெளியே இருக்கும் கவர்தான் லிங்க் லேயர் ஹெட்டர். உங்கள் மொபைலில் இருந்து ரவுட்டர் வரைக்கும், அதாவது பக்கத்துக் கருவி வரைக்கும் பாக்கெட்டைக் கொண்டு சேர்ப்பது இதன் வேலை.

சிக்கல் என்னன்னா, இந்த வெளிக்கவர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. கேபிள் வழியாகப் போனால் ஈதர்நெட் ஹெட்டர். அது 14 பைட். சேருமிடம் 6 பைட், அனுப்புமிடம் 6 பைட், உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல 2 பைட். வைஃபை, புளூடூத், காருக்குள் ஓடும் 'கேன்' நெட்வொர்க் ஒவ்வொன்றுக்கும் கவர் வேறு.

ஃபைலுக்குள் இருப்பது வெறும் பைட்டுகளின் வரிசை. கவர் எங்கே முடிகிறது, கடிதம் எங்கே தொடங்குகிறது என்று யாராவது சொல்லணும் இல்லையா? அதைச் சொல்வதுதான் 'லிங்க்டைப்' நம்பர். வழக்கமான பிகேப் ஃபைலின் முதல் 24 பைட்டுகள் ஃபைலைப் பற்றிய தகவல்கள். அதில் கடைசி 4 பைட்டில் இந்த நம்பர் உட்கார்ந்திருக்கும்.

அடிக்கடி பார்க்கும் நம்பர்கள் என்னென்ன?

1 - ஈதர்நெட்
101 - வெளிக்கவரே இல்லை, நேரடியாக ஐபி பாக்கெட்
105 - வைஃபை ஹெட்டர் மட்டும்
113 - லினக்ஸில் எல்லா இணைப்பையும் ஒன்றாகப் பிடிக்கும்போது வருவது
127 - வைஃபை ஹெட்டரோடு ரேடியோ தகவல்களும் சேர்ந்தது
227 - கார்களில் பயன்படும் கேன் நெட்வொர்க்
251 - புளூடூத் லோ எனர்ஜி

105-க்கும் 127-க்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனிங்க. இரண்டுமே வைஃபைதான். ஆனால் சிக்னல் எவ்வளவு இருந்தது, எந்த சேனல், என்ன வேகம் போன்ற விவரங்களை 127-ல்தான் பதிவு செய்ய முடியும். வைஃபை ஏன் கட்டாகிறது என்று தேடுபவருக்கு 105 ஃபைல் கிடைத்தால் பாதி துப்பு போச்சு.

மொபைலுக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. ஆண்ட்ராய்டில் ரூட் செய்யாமல் விபிஎன் முறையில் பாக்கெட் பிடிக்கும் ஆப்களுக்கு ஐபி பாக்கெட் மட்டும்தான் கிடைக்கும். வெளிக்கவர் கையில் வராது. அதற்குப் பொருத்தமான நம்பர் 101.

நம்பர் மாறினால் என்ன ஆகும்?

பள்ளியில் படித்த 'பொதுமொழி' ஞாபகம் இருக்கா? 'வேங்கை' என்று சேர்த்துப் படித்தால் மரம். 'வேம் + கை' என்று பிரித்தால் வேகின்ற கை. எழுத்து அதேதான், பிரிக்கும் இடம் மாறினால் பொருளே மாறிவிடும். இங்கேயும் அதே கதைதான்.

101 என்று இருக்க வேண்டிய ஃபைலில் தவறுதலாக 1 என்று எழுதிவிட்டதாக வைத்துக்கொள்வோம். உங்கள் மொபைலின் ஐபி முகவரி 192.168 என்று தொடங்குகிறது.

சாஃப்ட்வேர் இதை ஈதர்நெட் என்று நம்பிவிடும். ஐபி பாக்கெட்டின் பதிப்பு எண், நீளம், அடையாள எண் அடங்கிய முதல் 6 பைட்டை சேருமிட முகவரி என்று காட்டும். அடுத்த 6 பைட்டை அனுப்பிய கருவியின் முகவரி என்று காட்டும். 13, 14-வது பைட்டில் இருக்கும் 192, 168 என்ற உங்கள் முகவரியின் முதல் பாதியை 'உள்ளே இருப்பது என்ன வகை' என்று எடுத்துக்கொள்ளும். அப்படி ஒரு வகையே தெரியாது என்று கையை விரித்துவிடும்.

டேட்டா ஒரு பைட் கூட அழியவில்லை. ஆனால் உலகத்திலேயே இல்லாத இரண்டு கருவிகள் பேசிக்கொண்ட மாதிரி ஒரு காட்சி வந்துவிட்டது. ஹேக்கிங் விசாரணையில் இப்படி நடந்தால்? எந்தக் கருவியில் இருந்து போனது என்ற கேள்விக்கே தப்பான பதில் கிடைக்கும்.

புது ஹெட்டரை எப்படி வரையறுக்கிறார்கள்?

புதிய கருவி அல்லது புதிய நெட்வொர்க் வந்தால், அதற்கு ஒரு நம்பர் தேவை. இதற்கான பட்டியலைப் பராமரிப்பது டிசிபிடம்ப் குழு. ஏற்கெனவே இருக்கும் நம்பரை நாமாக எடுத்து வேறு வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. ஹெட்டரின் விளக்கத்தோடு கேட்டு வாங்க வேண்டும். அந்த விளக்கத்தில் முக்கியமாக இந்தக் கேள்விகளுக்குப் பதில் இருக்கணும்:

* ஒவ்வொரு பகுதியும் எத்தனை பைட்?
* பெரிய பைட் முதலில் வருமா, சின்ன பைட் முதலில் வருமா?
* ஹெட்டரின் நீளம் நிலையானதா, மாறக்கூடியதா? மாறும் என்றால் அந்த நீளத்தை எங்கே பார்ப்பது?
* அடுத்து வருவது எந்த புரோட்டோகால் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
* கடைசியில் பிழை சோதிக்கும் பைட்டுகள் இருக்குமா, இருக்காதா?

கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியலாம். ஆனால் ஸ்மார்ட் ஹோம் கருவிகளில் பயன்படும் 802.15.4 நெட்வொர்க்குக்கு, அந்தப் பைட்டுகள் இருந்தால் 195, இல்லாவிட்டால் 230 என்று தனித்தனி நம்பரே இருக்கிறது.

தெளிவாக வரையறுக்காவிட்டால்?

அதற்குப் பழைய உதாரணம் நம்பர் 0. ஒரு கம்ப்யூட்டர் தனக்குள்ளேயே அனுப்பிக்கொள்ளும் பாக்கெட்டுகளுக்கானது இது. ஹெட்டர் வெறும் 4 பைட். உள்ளே இருப்பது ஐபி பதிப்பு 4-ஆ, 6-ஆ என்று சொல்வதுதான் அதன் வேலை. ஆனால் அதை அந்தந்தக் கம்ப்யூட்டரின் சொந்தக் கணக்கிலேயே எழுத விட்டுவிட்டார்கள்.

விளைவு? ஐபி பதிப்பு 6-ஐக் குறிக்க மேக்கில் 30, ஃப்ரீபிஎஸ்டியில் 28, நெட்பிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டியில் 24. பைட் வரிசையும் கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் மாறும். படிக்கும் சாஃப்ட்வேர் இத்தனையையும் சமாளிக்க வேண்டியிருக்கிறது.

101-க்குப் பின்னாலும் இதே மாதிரி ஒரு காரணம் உண்டு. நேரடி ஐபி பாக்கெட்டுக்குப் பல ஆபரேட்டிங் சிஸ்டங்கள் உள்ளுக்குள் 12 என்று நம்பர் வைத்திருக்க, ஓபன்பிஎஸ்டியில் அது 14. அதனால்தான் ஃபைலில் எழுதும்போது எல்லோருக்கும் பொதுவாக 101.

கொடுத்த நம்பரை மாற்றலாமா?

கூடாது. பத்து வருஷத்துக்கு முன் பிடித்த ஃபைலும் நாளைக்குத் திறக்கணுமே! அதனால் மாற்றம் வேண்டும் என்றால் புது நம்பர்தான். லினக்ஸின் 113 ஹெட்டர் 16 பைட். பாக்கெட் எந்த இணைப்பு வழியாக வந்தது என்ற எண் அதில் இல்லை. அதைச் சேர்த்து 20 பைட்டாக புது வடிவம் கொண்டுவந்தபோது பழையதைத் தொடவில்லை. 276 என்று புது நம்பர் கொடுத்தார்கள்.

சொந்த ஆய்வுக்காக மட்டும் என்றால் 147 முதல் 162 வரை 16 நம்பர்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். ஆனால் அந்த ஃபைல் வெளியே போகக் கூடாது. இரண்டு நிறுவனங்கள் 147-ஐ இரண்டு விதமாகப் பயன்படுத்தியிருந்தால், ஒருவர் ஃபைல் இன்னொருவருக்குப் புரியாது.

கவனிக்க வேண்டியவை

ஃபைலைத் திறந்ததும் எல்லா பாக்கெட்டும் வினோதமாகத் தெரிந்தால், டேட்டா கெட்டுவிட்டது என்று முடிவு செய்யாதீங்க. முதலில் லிங்க்டைப் நம்பரைப் பாருங்க. நம்பர்தான் தப்பு என்றால், வயர்ஷார்க்குடன் வரும் 'எடிட்கேப்' கருவியால் சரியான நம்பரோடு புது ஃபைல் எழுதலாம். விசாரணைக்கான ஃபைல் என்றால் ஒரிஜினலைத் தொடாமல், நகலில் மட்டும் இதைச் செய்யுங்கள்.

ஒரே நேரத்தில் வைஃபை, கேபிள் இரண்டையும் பிடிக்கணும் என்றால் 'பிகேப்என்ஜி' ஃபைல் நல்லது. பழைய பிகேப் ஃபைலுக்கு மொத்தமே ஒரு நம்பர்தான். இதில் ஒவ்வொரு இணைப்புக்கும் தனி நம்பர் வைக்கலாம்.

முக்கியமாக, பாக்கெட் கேப்சரை உங்கள் சொந்த நெட்வொர்க்கிலோ, அனுமதி உள்ள நெட்வொர்க்கிலோ மட்டும் செய்யுங்கள். அடுத்தவர் டேட்டாவை அனுமதியில்லாமல் பிடிப்பது சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும்.