சீனக்குடா மாவும் திரியாய்ப் பாணும்

திரியாயில் நான் வாங்கும் பாணுக்கான கோதுமை இலங்கையில் விளைவதில்லை. கப்பலில் வரும் கோதுமையைத் திருகோணமலை சீனக்குடாவிலுள்ள பிறிமா ஆலை மாவாக்குகிறது. சிங்கப்பூரின் பிறிமா நிறுவனத்துடன் அரசு 1977 இல் உடன்படிக்கை செய்தது. 1980 இல் ஆலை இயங்கத் தொடங்கியது. கோதுமை அரசினுடையது, அரைப்பது பிறிமா. அரைப்புக்கூலி பணமல்ல, தவிடு. வேலையை வெளியாரிடம் ஒப்படைத்தாலும் கொள்வனவு அரசின் கையிலேயே இருந்தது.

2001 இல் ஆலை பிறிமாவுக்கே விற்கப்பட்டது. கோதுமை வாங்குவதும் நிறுவனத்தின் பொறுப்பாயிற்று. 2022 இல் உக்ரைன் போரும் டொலர்த் தட்டுப்பாடும் சேர்ந்து வந்தபோது பாண் விலை எகிறியது. ஆலை நம் மாவட்டத்தில் இருந்தும் அதைத் தடுக்க முடியவில்லை. ஆலை எங்கே நிற்கிறது என்பதைவிட, கோதுமையை யார், எந்தப் பணத்தில் வாங்குகிறார்கள் என்பதே நம் பாணின் விலையைத் தீர்மானிக்கிறது.